கருத்துப் பக்கத்தில் ஒரு கைநாட்டு

இரண்டாம் தடவையாக எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சவுரியப்பன் அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். மொரப்பூர் ரயில் ஸ்டேஷனில் தண்டவாளப் பாதை மாற்றும் பாயின்ட்ஸ்மேன் அவர். கிளை நூலகத்தில் அவர் படிக்காத துப்பறியும் நாவல் கிடையாது.

"என்ன சார், நம்ம லைப்ரரியில கைநாட்டெல்லாம் நாவல் படிக்குதா?"

நூலகர் பச்சியப்பன் பேனாவை நிறுத்தினார். "என்னய்யா சொல்ற?"

"கடைசிப் பக்கத்தப் பாருங்க. நான் எளுதினதுக்குக் கீழ எவனோ பெருவெரல உருட்டி வெச்சிருக்கான். நல்லாருக்குன்னு அர்த்தமா, நல்லால்லன்னு அர்த்தமா? நீங்க வக்கீல் ஆபீசுல இருந்தவரு, நீங்கதான் சொல்லணும்."

பதினொரு மணி ஆகிவிட்டிருந்தது. நூலகம் இனி நான்கு மணிக்குத்தான் திறக்கும். சவுரியப்பன் வெயிலில் இறங்கிப் போனதும் பச்சியப்பன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

'மூன்றாம் குறுக்கு விசாரணை'. ஒரு கொலை வழக்கைப் பற்றிய நாவல். தருமபுரியில் பைண்டு செய்யப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன் மற்றப் புத்தகங்களோடு ஒரே கட்டாக வந்தது. கட்டைப் பிரித்த அன்றே நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருந்த டீக்கறையை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அது அவர் கை சிந்திய டீ. உடனே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தேடியது கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததே என்று அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

நாவல்களின் பின்னட்டையில் ஒட்டிய வெள்ளைத் தாளில் வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதலாம் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். மேசையருகே நின்று சத்தமாக வாதாடுகிறவர்களுக்காக ஆரம்பித்தது. இந்தப் புத்தகத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

'டூட்டியில் படித்தேன். இரண்டு கூட்ஸ் வண்டி போனதே தெரியவில்லை. அபாரம். - சவுரியப்பன்.'

'முதல் நூறு பக்கம் வெறும் கோர்ட்டுப் பாஷை. குற்றம் சாட்டப்பட்டவனின் மனைவி அழுவதற்கு மட்டும்தான் வருகிறாள். அவளுக்கு வாய் இல்லையா? - அஸ்கரி பேகம்.'

'நடை நன்று. ஆனால் நிரபராதியைக் காப்பாற்றும் கடிதம் கடைசி அத்தியாயம் வரை தொலைந்தே கிடக்கிறதாம். ஒரு உயிரைக் காக்கும் காகிதத்தை யாராவது இவ்வளவு அலட்சியமாக வைப்பார்களா? நம்பும்படி இல்லை. - மாதேஸ்வரன், ஆசிரியர்.'

அந்த மூன்றாவது கருத்தை பச்சியப்பன் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். வைப்பார்கள் வாத்தியாரே, வைப்பார்கள் என்று மனதுக்குள் பதில் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவற்றின் கீழே நான்காவது கருத்து இருந்தது. நீல மசியில் ஒரு இடது பெருவிரல் ரேகை. அதன் நடுவே, வளைவுகளையெல்லாம் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு வெள்ளைக் கோடு. அரிவாள் பட்டு ஆறிய தழும்பு.

அந்த விரலை அவருக்குத் தெரியும். அவரே பிடித்து உருட்டிய விரல்.

அறுபத்தொன்றில் அவர் தருமபுரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தண்ணீர் முறைச் சண்டையில் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவரை வெட்டிக் கொன்றதாகச் சென்றாயன் என்ற கூலிக்காரனைப் பிடித்திருந்தார்கள். வக்காலத்தில் கைநாட்டு வாங்க சப்-ஜெயிலுக்குப் போனவர் பச்சியப்பன்தான். மசித்தட்டில் அழுத்தி, இடமிருந்து வலமாக உருட்டி, "உன் கைநாட்டை எவனாலயும் களவாட முடியாதய்யா, கோடு போட்டு வெச்சிருக்க" என்று சிரித்தார். சென்றாயனும் சிரித்தான். கம்பிக்கு உள்ளே இருந்துகொண்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்ட்டீங்களாங்க?" என்று கேட்டான்.

கொலை நடந்த அன்று அவன் தீர்த்தமலையில் இருந்தான். மூன்று வயது மகளுக்கு முடி இறக்க, மனைவி முனியம்மாளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தான். நூறு தலை மழித்த நாவிதருக்கு முகம் நினைவில்லை. கோயில் ரசீதின் அடிக்கட்டையில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. எண்ணைச் சொல்ல அவனிடமிருந்த சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை முனியம்மாள் மடியில் முடிந்துகொண்டு வந்து, வக்கீல் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் கையில் கொடுத்தாள்.

குமாஸ்தா அப்போது ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தார்.

யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கையில் இருந்த காகிதத்தைப் பக்க அடையாளமாகச் செருகிவிட்டு எழுந்தார். இரவு மிச்சத்தைப் படித்தார். காலையில் தவணை நாள் என்று புத்தகத்தை நூலகத்தில் சேர்த்தார். மூன்று நாள் கழித்து வக்கீல் சீட்டைக் கேட்டபோதுதான் நினைவு வந்தது. ஓடினார். புத்தகம் வேறு யாரிடமோ போயிருந்தது. வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்பியதும் வக்கீல் மறுபடி கேட்டார். "மறந்துட்டேங்க" என்று சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், வேலைகூடப் போயிருக்கும், நாலு பேர் தேடியிருப்பார்கள். அவர் நாக்கு வேறு விதமாகப் புரண்டது.

"அந்தம்மா கொடுக்கவே இல்லீங்களே."

அங்கே நின்றிருந்த முனியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். "குடுத்தனே... குடுத்தனுங்களா?" என்றாள். அந்த இடத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படித்தவர் சொன்னால் அதுதான் சரியாக இருக்கும். பஸ்ஸில் விழுந்திருக்கும்.

சென்றாயனுக்கு ஆயுள் தண்டனை. இரண்டாம் வருடம் சிறையிலேயே காய்ச்சலில் போய்விட்டான். பதின்மூன்று வருடமாக முனியம்மாள் ஸ்டேஷன் வாசலில் அவித்த வேர்க்கடலை விற்கிறாள்.

பச்சியப்பன் ரப்பரை எடுத்து ரேகையைத் தேய்த்துப் பார்த்தார். மேசைமேல் திரித்திரியாகத் தூள் விழுந்தது. ரேகை மங்கவில்லை. ஈரமாக இருந்தது. விரலால் தொட்டபோது நீலம் ஒட்டியது. அதோடு, தாளுக்குள்ளிருந்து மெதுவாகக் கசிந்து வருவதுபோல, ஒரு வாசனை. வெயிலில் காய்ந்த பழைய காகித வாசனை அல்ல, ஜன்னல் வழியே வரும் ரயில் கரி வாசனையும் அல்ல. மழித்த தலையில் குளிரக் குளிரப் பூசும் சந்தனம். அதனடியில் ஈரமான தலைமுடி.

நடுப்பகல். தெரு வெறிச்சென்று கிடந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்து, வாசிப்பு பெஞ்சின் கால்வரை நீண்டிருந்தது. அலமாரிகளுக்குப் பின்னால், நிழல் எட்டாத மூலையில், மெல்லிய ஒரு சத்தம் ஆரம்பித்தது.

சரக். சிறிது இடைவெளி. சரக்.

எலி அட்டையைச் சுரண்டுகிறது என்று சொல்லிக்கொண்டார். எலி இவ்வளவு நிதானமாகச் சுரண்டாது. இது நனைந்த தலையில், நெற்றியிலிருந்து பிடரிவரை, குழந்தைக்குக் காயம் படாமல் பார்த்துப் பார்த்து இழுக்கும் கத்தி.

தாளின் ஓரம் உப்பியிருப்பதை அப்போதுதான் பார்த்தார். அட்டைக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவில் ஏதோ இருந்தது. பைண்டர்கள் கையில் அகப்பட்ட துண்டுக் காகிதத்தை அட்டைக்குப் பலமாக வைத்து ஒட்டிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதமாக அந்தத் தாளை அவர் உரித்துப் பார்க்கவில்லை. பானைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினார். நகத்தால் நெம்பினார்.

மஞ்சளாகிப்போன ஒரு சீட்டு வந்தது. கோயில் முத்திரை. எண். முடி காணிக்கை, குழந்தை தீர்த்தம்மாள். தேதி, ஒரு எழுத்தும் அழியாமல். அடியில் தகப்பனின் கைநாட்டு, குறுக்கே வெள்ளைக் கோடு. வாசகர்கள் எல்லாரும் இதன்மேல்தான் எழுதியிருந்தார்கள். அபாரம் என்றும், நம்பும்படி இல்லை என்றும்.

கதவு தட்டப்பட்டது.

அவர் மூச்சை அடக்கினார். மூலையில் இருந்த சத்தமும் நின்றது. அதுவும் காதைத் தீட்டிக் கேட்பதுபோல.

"ஐயா, உள்ள இருக்கீங்களா? நாந்தாங்க, முனியம்மா."

சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தார். கூடையை இடுப்பில் வைத்தபடி அவள் நின்றாள். தாமரை இலையில் கட்டிய சூடான பொட்டலத்தை நீட்டினாள்.

"சவுரியப்பண்ணன் சொன்னாரு, சார் இன்னிக்கு வூட்டுக்குக் கூடப் போவல, உள்ளயே கதவச் சாத்திக்கிட்டாருன்னு. இதத் தின்னுங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்..."

"எங்களுக்காவ எத்தினி அலைஞ்சீங்க. இதுகூடச் செய்யலன்னா எப்பிடி?" அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அரூர்ல இருந்து நம்ம தீர்த்தத்தப் பொண்ணு பாக்க வந்தாங்க இல்லீங்களா, அவுங்க வாணாம்னுட்டாங்க. கொலகாரன் மவளாம். பதினாறு வயசு, அது அளுவுறதில்லீங்க. என்னயத்தான் கேக்குது, அந்தச் சீட்ட எங்கம்மா போட்டன்னு. நான் என்னத்தச் சொல்றது? பாவி நான் தொலச்சுப்புட்டேன்."

சீட்டு அவர் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. ஈரமாக. ஒரு வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார். ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்கும் பார்வை கண்முன் வந்தது. சவுரியப்பனின் பார்வை. வாத்தியாரின் பார்வை. இவளுடைய பார்வை.

"என்னமோ சந்தன வாசம் வருதுங்களே?" என்று அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரு அங்க, புள்ளய வெச்சுக்கிட்டு?"

"யாருமில்ல முனியம்மா. எதுவுமில்ல. நீ போ."

"கதவ நல்லாத் தெறந்து வைங்க, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். செருப்பில்லாத காலடிகள் சுடுமண்ணில் வேகமாகத் தேய்ந்து மறைந்தன.

நாளைக்குச் சொல்லிவிடலாம். தபாலில் பெயர் போடாமல் அனுப்பலாம். இப்படி நினைத்துக்கொண்டே கை தானாகத் தாழ்ப்பாளைப் போட்டது.

சரக்.

இப்போது மூலையில் அல்ல. பெஞ்சில்.

அவர் திரும்பினார். வாசிப்பு பெஞ்சில் முதுகைக் காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெயில் அவன்மேல் விழுந்தது. அவனுக்கு நிழல் விழவில்லை. மடியில் ஒரு சின்னத் தலை குனிந்திருந்தது. பாதி மழித்த தலை. மீதி முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கத்தி பிடித்த கை எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் கற்றை கற்றையாக முடி விழுந்தது. தரையில். கம்பி நிழல்களின்மேல். அவர் செருப்பின்மேல்.

"சென்றாயா" என்றார். 

அவன் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினான். பெருவிரலைத் தனியாக விறைத்துப் பிடித்து. கைநாட்டு வைக்கத் தெரிந்தவன், குமாஸ்தாவுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நீட்டுவதுபோல. மரியாதையாக.

"சாப்ட்டீங்களாங்க?"

பச்சியப்பன் ஓட நினைத்தார். கால்கள் மேசைக்குத்தான் போயின. நூலக முத்திரைக்கான மசித்தட்டு திறந்திருந்தது. புத்தகம் கடைசிப் பக்கத்தில் விரிந்திருந்தது. உரித்த தாள் மறுபடி ஒட்டியிருந்தது. சட்டைப் பையைத் தடவினார். சீட்டு இல்லை. உள்ளே ஒரு பிடி முடி. ஈரமாக. பிஞ்சு முடி.

பெஞ்சு காலி.

தன் வலது கை எதையோ பிடித்திருப்பதை உணர்ந்தார். குளிர்ச்சி. கனம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அவருடைய மூன்று விரல்களுக்கு நடுவே ஒரு பெருவிரல். குறுக்கே தழும்பு. அதற்கு மேலே ஒரு மணிக்கட்டு. மணிக்கட்டுக்கு மேலே வெறும் வெயில்.

கை பழக்கத்தை மறக்கவில்லை. மசியில் அழுத்தியது. இடமிருந்து வலமாக உருட்டியது. ஒரு ரேகை. மறுபடி மசி. இன்னொன்று. 'நம்பும்படி இல்லை' என்ற வரியின்மேல் ஒன்று. அவருடைய கையெழுத்துள்ள பதிவேட்டில் ஒன்று. மேசையில். அலமாரியில் இருந்து எடுத்த அடுத்த புத்தகத்தில். அதற்கடுத்ததில்.

வெளியே, ஸ்டேஷன் பக்கம், முனியம்மாள் கூவுவது கேட்டது. கடலேய்... அவிச்ச கடலேய்...

கூப்பிட வாயைத் திறந்தார். வாய் நிறைய முடி.

விரல் குளிர்ந்துகொண்டே போனது. அவர் அதை விட்டுவிடப் பார்த்தார். கை உருட்டிக்கொண்டே இருந்தது.