துடுப்பு மாதா கோயில் கிண்ணம்

குருத்து ஞாயிறுக்கு மறுநாள் காலை, பிர்கு என்ற தீவுத் துறைமுக நகரத்தின் சந்தில் இருந்த ரெதென்தாவின் ரொட்டிக்கடைக்குத் துன் ஆல்விச் சாமியார் வந்தார். ரொட்டி வாங்க வரவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சவரம் செய்யாத முகம். அங்கியில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"உங்க அண்ணன் இருக்காராம்மா?"

"பின்கட்டுலதான் இருக்காரு சாமி. வாங்க" என்று ரெதென்தா கைமாவைத் துடைத்துக்கொண்டே அவருக்கு முன்னால் ஓடினாள். விஷயம் என்னவென்று ஊருக்கே தெரியும். சனிக்கிழமை பிற்பகல் துடுப்பு மாதா கோயிலின் பழைய வெள்ளிக் கிண்ணம் திருடு போனது. அன்று மாலையே கோயில்பிள்ளை கிரெட்சுவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அதைப் பற்றி அண்ணனிடம் அவள் இதுவரை நாலு விதமாகப் பேசிப் பார்த்துவிட்டாள். அவர் ஒன்றுக்கும் அசையவில்லை.

வென்சு ஷிபெராஸ் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட். மடியில் தட்டை வைத்துப் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சாமியாரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

"கிரெட்சு எடுக்கலை, வென்சு" என்றார் சாமியார், உட்காராமலே. "அவன் எடுக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்கதான் அவனை வெளியில கொண்டுவரணும்."

"போலீஸ் ஏன் அவனைப் பிடிச்சாங்க?"

"கோயில் கதவை யாரும் உடைக்கலை. சாவி அவன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. அலமாரிக்கும் அப்படித்தான். ஆனா அலமாரிக் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது. சாவி இருக்கிறவனே வெளியாள் வேலைன்னு காட்டறதுக்காக உடைச்சிருக்கான்னு அவங்க கணக்கு. சீக்குக்காரப் பொண்டாட்டிக்கு மருந்து வாங்க வழியில்லாம திருடிட்டான்னு சொல்றாங்க."

"கிண்ணம் எவ்வளவு பெருசு, சாமி?"

"ரெண்டு கையாலயும் ஏந்தணும். ரெண்டு பக்கமும் காது மாதிரிப் பிடி. நம்ம ஊர்ல வீரத் துறவிகள் ஆதுரசாலை வச்சிருந்த காலத்துல நோயாளிகளுக்கு அதுலதான் சாறு கொடுத்தாங்க. பெரிய வியாழன் அன்னைக்கு நான் சீக்காளிங்க வீடு வீடா எடுத்துக்கிட்டுப் போவேன், உங்களுக்குத் தெரியுமே. எடுத்தவன் சரியான முட்டாள். உருக்கினா ஒரு பொத்தான்கூடத் தேறாது. நம்புறவங்களுக்குத்தான் அது பொக்கிஷம்."

வென்சுவின் விரல் மொச்சைத் தோலில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது.

"ரோமாபுரியிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரே, அவர் எங்க தங்கியிருக்காரு?"

"ஃப்ரா ஒராட்சியோவா? என் வீட்டுலதான். அவரும் அந்த வீரத் துறவிகள் சபைதான், அதோட சரித்திரம் எழுதறாரு. கிண்ணத்தைப் பாக்கணும்னு வந்த நாள்லேர்ந்து கேட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் காட்டறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

சாமியார் சந்து திரும்பியதுதான் தாமதம், ரெதென்தா தொடங்கிவிட்டாள். "அண்ணா, அந்த ரோமாக்காரன்தான். நான் அடிச்சுச் சொல்றேன். சாமியார் வீட்டுலயே தூங்குறான். ராத்திரி சட்டைப்பையிலேர்ந்து சாவியை எடுத்தா யாருக்குத் தெரியும்? முதல்ல அவன் நிஜமாவே சபைக்காரனா? கறுப்பு அங்கியில வெள்ளைச் சிலுவையைத் தைக்க எனக்கும்தான் தெரியும்."

"அடுப்புல ரொட்டி கருகுது, பாரு" என்றார் வென்சு.

துடுப்பு மாதா கோயில் சிறியது. யுத்தக் குண்டில் பாதிக் கூரை போய், இப்போதுதான் புது ஓடு போட்டிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் போனபோது பொருள் வைக்கும் அறையில் ஒரு கான்ஸ்டபிள் காவல் நின்றான். வென்சுவிடம் வேலை கற்றவன். சட்டென்று நிமிர்ந்து நின்றான்.

"எதையும் தொடலை, சார்ஜென்ட் ஐயா. பெருக்கக்கூட விடலை."

அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. கண்ணாடிச் சில்லுகள் கீழே கல்தரையில் சிதறியிருந்தன. உள்ளே கிண்ணம் இருந்த இடத்தில் சிவப்பு வெல்வெட்டு மெத்தை. வென்சு அதன்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். கையைப் பார்த்தார். துடைக்க ஒன்றும் இல்லை. சுவரில் கிண்ணத்தின் பழைய புகைப்படம் ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. இடதுபக்கக் காது உள்நோக்கி வளைந்திருந்தது.

"எப்பவோ கீழே விழுந்திருக்கும்போல" என்றாள் ரெதென்தா. திருவிழாவில் பூவும் துணியுமாக மூடிய கிண்ணத்தைத்தான் அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. உயரமாய், ஒடிசலாய், கறுப்பு அங்கியில் ஃப்ரா ஒராட்சியோ நின்றிருந்தார். நெஞ்சில் எட்டு முனை வெள்ளைச் சிலுவை.

"கிடைச்சுதா?" என்றார்.

ரெதென்தாவுக்குச் சுருக்கென்றது. திருடன் திரும்பி வந்து கேட்கிற கேள்வி அது. "அந்தச் சிலுவைக்கு ஏன் எட்டு முனை? சொல்லுங்க பாப்போம்" என்று பட்டென்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "மலைமேல நம்ம ஆண்டவர் சொன்ன எட்டுப் பேறுகள், அம்மா. ஏழைகள் பேறுபெற்றோர், துயருறுவோர் பேறுபெற்றோர்... எங்களைப் போர்வீரர்கள்னே எல்லாரும் நினைக்கிறாங்க. ஜெருசலேம்ல யாத்திரைக்கு வந்து நோயில விழுந்தவங்களுக்கு ஒரு சத்திரம். அதுதான் ஆரம்பம். முதல்ல கையில எடுத்தது கஞ்சிப் பாத்திரம். வாள் அப்புறம் வந்தது. ரோட்ஸ் தீவு போச்சு, உங்க ஊர் போச்சு, கோட்டையெல்லாம் போச்சு. அந்தப் பாத்திரம் ஒண்ணைக் கண்ணால பாத்துட்டுச் சாகலாம்னு வந்தேன்."

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கான்" என்று ரெதென்தா வெளியே வந்ததும் முணுமுணுத்தாள். "அண்ணா, நான் இவன் பின்னாலயே போகப்போறேன்."

"போ. அப்படியே கிரெட்சு பொண்டாட்டிக்கு ஒரு ரொட்டி எடுத்துட்டுப் போ. என்ன பேசினாலும் காது கொடுத்துக் கேட்டுட்டு வா."

கிரெட்சுவின் மனைவி ஜீத்தா போன கோடையிலிருந்து படுத்த படுக்கை. ஒரு பக்கம் வராது, பார்வையும் மங்கிவிட்டது. ரெதென்தா ரொட்டிக்கூடையோடு அந்த வீட்டுப் படியேறும்போதே உள்ளே கறுப்பு அங்கி தெரிந்தது. அவள் கதவோரம் ஒதுங்கினாள்.

ஃப்ரா ஒராட்சியோ கட்டிலருகே முழங்காலிட்டிருந்தார். நோயாளியின் கையை எடுத்து முத்தமிட்டார். "என் சீமாட்டி, உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்றார்.

ரெதென்தாவுக்கு உடம்பு கூசியது. சாமியார்கள் நோயாளியை 'மகளே' என்பார்கள், ஆசீர்வதிப்பார்கள். இவன் என்ன கூத்தாடுகிறான்? அவர் போகும்வரை காத்திருந்து உள்ளே நுழைந்தாள்.

"அந்த ஆள் எதையாவது தேடினானா, ஜீத்தா? கட்டிலுக்கு அடியில, பெட்டிக்குள்ள?"

"ஏன்டி, பாவம். ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வச்சிட்டுப் போறாரு" என்றாள் ஜீத்தா. பேச்சு குழறியது. "ரொட்டி எனக்கு இறங்காதுடி. துன் ஆல்விச் சாமி காலையும் சாயங்காலமும் மீன் சாறு கொண்டாந்து ஊட்டுறாரு. தன் கையாலயே. அழுதுக்கிட்டே ஊட்டுறாரு. எனக்கு எதுக்குச் சாமி அழறாரு? என் புருஷன் திருடலைன்னு அவருக்குத் தெரியுது, அதான்."

"நல்ல மனுஷர்."

"பாத்திரம்தான் நசுங்கின பாத்திரம்போல. நேத்து நானே பிடிச்சுக் குடிக்கிறேன்னு இந்தக் கையை நீட்டினேன். காது வளைஞ்சுபோயி விரல் நுழையலை. நாளைக்கு வேற பாத்திரத்துல கொண்டாங்க சாமின்னேன். அதுக்கும் அழறாரு."

கடைக்குத் திரும்பியதும் ரெதென்தா மூச்சுவிடாமல் கொட்டினாள். முழங்காலிட்டது, முத்தமிட்டது, சீமாட்டி என்றது. "நடிப்புதான் அண்ணா! வேற யாராவது சீக்காளியைச் சீமாட்டின்னு கூப்பிடுவாங்களா?"

"சபைக்காரங்க கூப்பிடுவாங்க" என்றார் வென்சு. "சீக்காளிங்கதான் எங்க எஜமானர்கள், நாங்க அவங்க அடிமைகள்னு அவங்க சத்தியப்பிரமாணம். வேஷம் போட வந்தவன் சிலுவையைத் தைப்பான். அந்த வார்த்தை அவன் வாயில தானா வராது. சரி, ஜீத்தா என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்வா? சாறு, பாத்திரம்..." ரெதென்தா அலுப்போடு அதையும் சொன்னாள்.

வென்சு எழுந்து தொப்பியைத் தேடினார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கோயிலின் பொருள் அறையில் எல்லோரும் கூடினார்கள்: சாமியார், ஃப்ரா ஒராட்சியோ, கான்ஸ்டபிள், ரெதென்தா. அவள் ஃப்ராவுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"கண்ணாடியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றார் வென்சு. "பூட்டின அலமாரியை வெளியிலேர்ந்து அடிச்சா சில்லு உள்ளதான் விழும். வெல்வெட்டு மேல ஒரு துணுக்கு இல்லை. எல்லாம் வெளியில கிடக்குது. கதவைத் திறந்து, உட்பக்கத்துலேர்ந்து அடிச்சிருக்காங்க. ஆக, சாவி இருக்கிறவங்க வேலைன்னு போலீஸ் சொன்னது சரி. சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்குதுங்கிறதை மட்டும் மறந்துட்டாங்க."

"என் சாவியை யாராவது எடுத்திருக்கலாமே" என்றார் துன் ஆல்விச். குரல் தேய்ந்திருந்தது. ரெதென்தா வெற்றியோடு ஃப்ராவை முறைத்தாள்.

"எடுத்திருக்கலாம். ஆனா எதுக்கு, சாமி? இவருக்குக் கிண்ணத்தைப் பாக்கணும், அவ்வளவுதான். மறுநாள் நீங்களே காட்டப்போறீங்க. அது காணாமப் போனதால நஷ்டம் இவருக்குத்தான். ஞாயித்துக்கிழமை அதை இவர் பாக்கக்கூடாதுன்னு யாருக்குத் தோணும்?"

வென்சு சாமியார் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. ரெண்டு கையால ஏந்தற கிண்ணம். உருக்கினா ஒரு பொத்தான்கூடத் தேறாது. அவ்வளவு பெரிய வெள்ளிக் கிண்ணத்தை உருக்கினா தட்டான் கையெடுத்துக் கும்பிடுவான். அது வெள்ளி இல்லைன்னு தெரிஞ்சவங்க வாயிலதான் அந்தப் பேச்சு வரும். அதுக்கு மேல, ஜீத்தா வீட்டுக்கு ஒரு பாத்திரத்துல சாறு போகுது. அதோட காது வளைஞ்சிருக்குது." வென்சு சுவரில் இருந்த புகைப்படத்தை நோக்கித் தலையை அசைத்தார். "சமையலறையிலதானே இருக்குது, சாமி? போய் எடுத்துட்டு வாங்க."

துன் ஆல்விச் போனார். கான்ஸ்டபிள் பின்னால் போக எழுந்தான். வென்சு கையமர்த்தினார்.

சாமியார் சமையல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். துணி விலகியதும் ரெதென்தா பார்த்தாள். மேலே மினுமினுப்பு, ஒரு பக்கம் முலாம் உரிந்து சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிந்தது.

"இவர் பாக்க வர்றாரேன்னு துலக்கினேன்" என்றார் சாமியார். "உரிஞ்சு வந்துடுச்சு. யுத்தத்துல சுரங்கத்துக்குள்ள ஜனங்களை உக்கார வச்சு, இதைத் தூக்கிப் பிடிச்சு ஜெபம் பண்ணினேன். வீரர்களோட வெள்ளி, நம்மைக் காப்பாத்தும்னு சொன்னேன். இப்போ இவர் புஸ்தகத்துல பொய்னு எழுதினா, அந்த ஜனங்க முகத்தை எப்படிப் பாக்கிறது? வெளியாள் எடுத்துட்டுப் போனான்னு முடிஞ்சுடும்னு நினைச்சேன். கிரெட்சுவைப் பிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்லை."

"பிடிச்சப்புறம்?" என்றார் வென்சு.

"வாய் வரலை. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க அவனை மட்டும் வெளியில கொண்டுவந்துடுவீங்கன்னு."

"பொண்டாட்டிக்குச் சாறு ஊட்டிக்கிட்டே புருஷனை லாக்கப்புல வச்சிருந்தீங்களே, சாமி!" என்று ரெதென்தா வெடித்தாள். இத்தனை சந்தேகத்தையும் தப்பான ஆள்மேல் செலவழித்த ஆத்திரமும் அதில் சேர்ந்திருந்தது. "அதையும் இந்தக் கிண்ணத்துல!"

"வேற எதுல ஊட்டுறது?" என்றார் சாமியார். "சீக்காளிக்குன்னு செஞ்சது. ஒளிச்சு வைக்க மனசு வரலைம்மா."

ஃப்ரா ஒராட்சியோ இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை அங்கி நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புப் படிவுக்கு அடியிலிருந்து எட்டு முனைச் சிலுவை ஒன்று மெல்லத் தெரிந்தது.

"ஃபாதர், வெள்ளிப் பாத்திரம் பிரபுக்களுக்கும் பொதுஜனத்துக்கும். கப்பல்ல துடுப்பு வலிச்ச அடிமைங்களும் எங்க ஆதுரசாலைக்கு வந்தாங்க. துருக்கிக்காரங்க, வேற வேதக்காரங்க. அவங்களுக்கு ஈயத்துல கொடுத்தாங்க. பிரெஞ்சுக்காரங்க வந்து வெள்ளியையெல்லாம் உலையில போட்டு உருக்கினாங்க. ஈயத்தை யாரும் சீண்டலை. அப்புறம் யாரோ வெட்கப்பட்டு மேல முலாம் பூசியிருக்காங்க." அவர் நிமிர்ந்தார். "இது பொய் இல்லை. உங்க வெள்ளிதான் பொய். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

துன் ஆல்விச் சந்தோஷப்படுவார் என்று ரெதென்தா எதிர்பார்த்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் போயிற்று. ஒன்றுமில்லாத விஷயத்துக்காக ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது போலிருந்தது.

"ஸ்டேஷனுக்கு நானே போறேன்" என்றார். "யாரும் எனக்காகப் பேச வேண்டாம்."

ஆனாலும் எல்லோரும் பின்னால் போனார்கள். ஸ்டேஷனில் அவர் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி அவரை இரண்டு தடவை படித்துப் பார்க்கச் சொன்னார். பிறகு உள்ளேயிருந்து கிரெட்சுவை அழைத்து வந்தார்கள். குட்டையான, தோள் அகன்ற ஆள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். துன் ஆல்விச் அவன் முன்னால் நின்று, யார் எடுத்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். கையை நீட்டினார்.

கிரெட்சு அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

"ஜீத்தா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்க."

"யார் ஊட்டினது?"

"நான்தான்."

"அவசரமா ஊட்டினாப் புரையேறும். ஒரு வாய் இறங்கினப்புறம்தான் அடுத்த வாய் கொடுக்கணும்."

"தெரியும். முதல் நாள் புரையேறுச்சு. அப்புறம் நிறுத்தி நிறுத்தித்தான் கொடுத்தேன்."

கிரெட்சு தன் தொப்பியை வாங்கி, உள்விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்கப்போகிறானோ என்றுகூட ரெதென்தா நினைத்தாள்.

"பெரிய வியாழனுக்குப் பீடத்துல ஏறி இதை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றான் அவன். "நான் முதல் பெஞ்சுல உக்காந்திருப்பேன். கோயில் சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துக்கங்க, எனக்கு வேண்டாம்."

"சொல்றேன்."

கிரெட்சு படியிறங்கினான். கீழ்ப்படியில் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"சாயங்காலச் சாறுக்கு வருவீங்கல்ல? அவ உங்களுக்காகக் காத்துக்கிட்டிருப்பா."