எட்டாவது தரை

சாம்பலில் சூடு இருந்தது.

குழியின் அடியில், இரண்டு ஆள் ஆழத்தில் குந்தியிருந்த றிஷானா, வெயில் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மேலே வெயில் மறைக்கப் படங்கு கட்டியிருந்தது; விடிந்ததிலிருந்து வானமும் மூடிக் கிடந்தது; அந்த அடுப்பை மூடியிருந்த மண்ணை நேற்றுப் பின்னேரம்தான் அகழ்வை நடத்தும் சிவானுஜா அக்கா கரணையால் வழித்து எடுத்திருந்தார். ஆகக் குறைந்தது இரண்டாயிரம் வருடத்துச் சாம்பல் என்று சொல்லியிருந்தார். றிஷானா விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வரைபலகையை மடியில் எடுத்தாள்.

கொட்டியாரக் குடாவுக்கு வெளியே, இன்று ஒருவரும் குடியிராத அந்தச் சின்னத் தீவில் அகழ்வு தொடங்கி ஆறு கிழமையாகியிருந்தது. ஒரே இடத்தில் எட்டு வீட்டுத் தரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு வீடு விழ, அதன் மேலேயே அடுத்ததைக் கட்டியிருந்தார்கள். எட்டிலும் அடுப்பு அதே மூலையில்தான்; றிஷானா இருந்தது ஆக அடியிலிருந்த எட்டாவதில். நூற்றாண்டு நூற்றாண்டாக ஆட்கள் வாழ்ந்த இடத்தில் ஒரு புதைகுழியோ ஒரு எலும்போ அகப்படவில்லை. "செத்த ஆக்களை இவை என்ன செய்தவை?" என்று தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சிவானுஜா அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

இரவைக்குக் கடும் மழை என்று அறிவித்திருந்தார்கள். மற்றவர்கள் பானையோட்டுப் பெட்டிகளுடன் மத்தியானமே திருகோணமலைக்குப் போய்விட்டார்கள். மழை விழுந்தால் குழியின் சுவர் இடிந்துவிடும். சுவரின் வரைபடம்தான், றிஷானாவின் பெயரோடு வெளிவரப்போகும் முதல் வேலை. "நீங்க போங்க அக்கா, நான் கீறி முடிச்சிட்டு வாறன்" என்று அவளே கேட்டு நின்றாள். படகோட்டி அப்துல் மஜீத் காக்கா நாலு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்.

மேலே படங்கு உப்புக்காற்றில் பொருமிப் பொருமி அடங்க, ஈரக் களிமண்ணும் அறுந்த வேர்களும் மணக்கும் அந்தக் குளிர்ச்சியில் அவள் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தபோது, அந்த மணத்துக்கு அடியிலிருந்து இன்னொரு மணம் மெல்ல எழும்பியது. தணலில் மீன் வாட்டும் மணம். எங்கோ வள்ளத்தில் சமைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். பிறகு ஒரு சத்தம். சரக்... சரக்... படங்கின் நுனி மண்ணில் உரசும் சத்தமாக இருக்க வேண்டும்.

காற்று நின்றது. படங்கு தொங்கியது.

சரக்... சரக்...

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏணியிலிருந்து அடுப்புவரை, தூசியில் அவளுடைய சப்பாத்துத் தடங்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. தரை கூட்டப்பட்டிருந்தது. ஈர்க்கு விளக்குமாறு இழுத்த வளைந்த கோடுகள், ஒன்றையொன்று தொட்டபடி, ஒழுங்காக. அவளுடைய குதிக்கால்வரை.

வரைபலகை கையிலிருந்து நழுவியது. அதை அவள் எடுக்கவில்லை. ஏணி. பற்றைகள். முட்கள். மூச்சு இரைக்க இரைக்கக் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

படகு வந்திருந்தது. ஆனால் கரைக்கு அல்ல. கூப்பிடு தூரத்துக்கும் அப்பால், அலையில் ஏறி இறங்கிக்கொண்டு நின்றது. கைப்பேசி அடித்தது.

"புள்ள, நீங்க எதுல நிக்கிறீங்க?" அப்துல் மஜீத்தின் குரல்.

"கரையிலதான், காக்கா. உங்களுக்கு நேராத்தான் நிக்கிறன். கிட்ட வாங்க."

எஞ்சின் இரைந்தது.

"காக்கா?"

"கையத் தூக்குங்க பாப்பம்."

தூக்கினாள்.

"எல்லாரும் தூக்கிறாங்க, புள்ள."

"ஆரு எல்லாரும்?"

"கரை முழுக்க ஆக்கள். கிழவன், குமர்ப்புள்ள, கைக்குழந்தக்காரி... உங்கள எனக்கு அடையாளம் பிடிக்க ஏலாம இருக்கு."

றிஷானா இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். வெள்ளை மணல். காய்ந்த கடற்பாசி. ஒரு நண்டுகூட இல்லை.

"மஞ்சள் மழைக்கோட்டு, காக்கா. மஞ்சள் நான்தான்."

அவர் எஞ்சினைத் தணித்தார்.

"இவ்வளவு நேரமும் என்னத்தான் பாத்துக்கொண்டு நிண்டாங்க," என்றார் அவர், மெதுவாக. "இப்ப திரும்பிட்டாங்க."

"எந்தப் பக்கம்?"

அவர் ஓதத் தொடங்கினார். எஞ்சின் உறுமியது. படகின் முனை துறைமுகப் பக்கம் திரும்பியது.

"காக்கா, போகாதீங்க. காக்கா."

தொடர்பு அறுந்தது.

அவளைச் சுற்றிலும் மணல் அழுந்தத் தொடங்கியது. ஒரு பாதம். அதன் அருகில் இன்னொன்று. வெறுங்கால்கள். பத்து. இருபது. அதற்குப் பின்னாலும். எல்லா விரல்களும் அவள் பக்கம். வட்டம் ஓரடி நெருங்கியது. நின்றது. இன்னும் ஓரடி.

அவளுடைய சப்பாத்து நுனிக்கு முன்னால், ஒரு சின்னக் காலின் விரல்கள் மட்டும் ஆழமாகப் புதைந்தன, குதிக்கால் இல்லாமல், அவள் முகத்தைப் பார்க்க யாரோ உன்னி எழும்பியதுபோல்.