நடுவில் இருந்த குரல்

பாட்டு வந்தது. பாடுகிறவள் வரவில்லை.

புது ஊசி இசைத்தட்டில் இறங்கியதும் வயலின்கள் எழுந்தன, புல்லாங்குழல் அவற்றின் மேல் ஏறிக்கொண்டது, தாளம் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தது, எல்லாம் கழுவித் துடைத்து வைத்த மாதிரி அத்தனை தெளிவு. ஆனால் பல்லவி தொடங்க வேண்டிய இடத்தில் யாரும் தொடங்கவில்லை. வாத்தியங்கள் மட்டும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று, அந்த ஆள் பாடிக்கொண்டிருப்பது போலவே வாசித்துக்கொண்டு போயின. அவர் குனிந்து ஸ்பீக்கர்பெட்டியின் துணிமேல் காதை வைத்தார். தூசியும் சூடான வார்னிஷும் கலந்த வாசனை வந்தது. வெகு தூரத்தில், கதவுக்கு அப்பால், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல ஏதோ இருந்தது. அதுவும் போய்விட்டது.

மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று உடனே முடிவு கட்டினார். அவருக்கு அது சுலபம். பம்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில், முப்பத்தோரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடி ஓய்வு பெற்றவர். அங்கே முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ரிஜெக்ட் சார்’ என்று பெயர். தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் என்று மனைவியே சொல்லிச் சிரிப்பாள். அது அவள் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சு மொத்தமாகப் போயிற்று. கண்களும் இடக்கை விரல்களும் மட்டும் அவளுக்கு மிச்சம். பேச்சு போன சிலருக்குப் பாட்டு வழியாகத் திரும்பி வருவதுண்டு, பிடித்த பாட்டைத் தினமும் போட்டுக் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் போட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தட்டில் ஊசி இறங்குகிற கரகரப்பு கேட்டால்தான் விரல்கள் மெத்தைமேல் தாளம் போடும். அதனால் தினமும் நாலு மணிக்கு அந்தச் சின்னத் தட்டு, அதே மூன்றரை நிமிஷப் பாட்டு. ஒரு சொல் வந்தால் போதும் என்று காத்திருந்தார். அது திட்டாக இருந்தாலும் சரி.

போன வாரம் ஊசி முறிந்தது. பகலில் மனைவியைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் தூசி துடைத்த கையோடு அதையும் இழுத்துவிட்டாள் என்று அவருக்குச் சந்தேகம். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவள் சாதித்தாள். அவர் நம்பவில்லை.

ஊசி மட்டும் இப்போது கிடைக்காது, ஊசியைத் தாங்குகிற காட்ரிட்ஜையே மாற்ற வேண்டும் என்று சொல்லி மெக்கானிக் மேசைமேல் மூன்று வைத்தான். ஒன்று, ரெக்கார்ட் பிளேயரோடு முதலில் வந்த அதே வகை. அதன் விலையைக் கேட்டதும் அவர் அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது மிகவும் மலிவு. ஆனால் கனமாக அழுத்தும், நாலு மாதத்தில் தட்டை உழுதுவிடும் என்று அவனே சொன்னான். மூன்றாவது உருண்டை முனை ஊசி, பிளேயரின் பழைய ஊசிக்கைக்கு எடை ஒத்துவரும், தட்டுக்கும் கெடுதல் இல்லை, முதலாவது விலையில் கால்வாசி. ஏன் கால்வாசி என்று கேட்டார். பெட்டி நசுங்கிவிட்டது, அதனால்தான் என்றான். பெட்டி நசுங்கித்தான் இருந்தது. ஆனால் அதன் வாயில் ஒட்டுத்தாள்மேல் இன்னொரு ஒட்டுத்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தார். முனை பழுதில்லை, திருகாணித் துளையில் மட்டும் மெல்லிய கீறல். யாரோ ஒருமுறை மாட்டிவிட்டுக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேட்டதும் மெக்கானிக் பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினான், கையில் இருந்த பணத்துக்கு அவருக்கும் வேறு வழி இல்லை. மாட்டித் தருகிறேன் என்றவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார்.

ஊசிக்கையின் முனையில் மயிரிழை போல நாலு கம்பிகள். வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என்றது கையேடு. முதல் இரண்டும் தெரிந்தன. மற்ற இரண்டும் பல வருஷத்தில் வெளுத்து ஒரே தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. அவர் ஒன்றைச் சிவப்பு என்று வைத்துக்கொண்டார். இதையே இன்னொருவர் செய்திருந்தால் மூன்று முறை சோதித்திருப்பார். செய்தது தான் என்பதால் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

இப்போது ஆளில்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு ஊசிக்கையைத் தூக்கப் போனபோதுதான், படுக்கையறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. பல்லவி. மெல்லிய, சுத்தமான பெண்குரல், வாத்தியங்களோடு இம்மியும் பிசகாமல். அவர் ஊசியைத் தூக்கினார். குரல் பாதிச் சொல்லில் நின்றது.

வேலைக்காரப் பெண்ணின் குறும்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். படுக்கையறையில் மருந்து வாசனையும் ஈரத்துணி வாசனையும் இருந்தன. மனைவி எப்போதும் போல மல்லாந்து கிடந்தாள். வேறு யாரும் இல்லை. பின்கதவு கிறீச்சிட்டது. அந்தப் பெண் காலி வாளியோடு உள்ளே வந்தாள், கையெல்லாம் சோப்பு நுரை. பாடியது நீதானே என்று, கையும் களவுமாகப் பிடித்தவர் போல அவர் கேட்டார். கால் மணி நேரமாகக் கொல்லையில் போர்வை அலசிக்கொண்டிருந்ததாகவும், அந்தப் பாட்டில் தனக்கு ஒரு வரிகூடத் தெரியாது என்றும் சொன்னாள். பிறகு படுக்கையைப் பார்த்தாள். அம்மாவின் தலையணை எப்படி இவ்வளவு நனைந்தது என்று கேட்டாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, பாடகியின் குரல் மட்டும் வரவில்லை என்றார்.

“ரெண்டு ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்களா, ஒண்ணா?”

ஒன்றுதான். மற்றது போய் ரொம்ப நாளாகிறது, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பெட்டியில் கொடுத்திருந்தது.

“அப்போ ஒரு கம்பியை மாத்தி மாட்டிட்டீங்க சார். குரல் ரெண்டு பக்கமும் சமமா பதிஞ்சிருக்கும். ஒரு பக்கம் தள்ளும்போது இன்னொரு பக்கம் இழுக்குது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இந்தப் பக்கம் ஒருத்தன் நின்னு தள்ளினா கதவு அசையுமா? அந்த மாதிரி நடுவுல இருக்கிற குரல் மட்டும் அடிபட்டுப் போயிடும்.”

“போயிடும்னா, எங்க போகும்?”

மறுமுனை சிரித்தது. “எங்கயும் போகாது சார். இல்லாம போயிடும், அவ்வளவுதான்.”

தப்பு தன்னுடையது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவர் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தார். வேலைக்காரப் பெண் இல்லை என்றால், அந்த வீட்டில் இன்னொரு வாய்தான் இருந்தது. ஆறு மணிக்கு அந்தப் பெண் கிளம்பும்வரை காத்திருந்தார். கம்பியை மாற்றவில்லை. வாயிற்கதவைத் தாழிட்டுவிட்டு, அதே தட்டை மறுபடி ஓடவிட்டு, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே நின்றார். ஜன்னலில் கடைசி வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. வயலின்கள் எழுந்தன. புல்லாங்குழல் ஏறியது.

மனைவியின் வாய் திறந்தது.

பாடினாள். இரண்டு வருஷமாகத் தண்ணீரைக்கூடச் சரியாக விழுங்காத வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லும் முழுசாக, நிதானமாக வந்தது. அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்த நசுங்கிய பெட்டியையும், மெக்கானிக்கையும், உலகத்தில் உள்ள எல்லோரையும் மன்னித்தார்.

சரணம் வந்தது. உச்சிக்கு ஏறுகிற அந்த இரண்டாம் அடி. சமையலறையில் பாடும்போது மனைவிக்கு அங்கே எப்போதும் குரல் உடையும். ஒரு இருமலைப் போட்டு மழுப்பி அடுத்த அடிக்குத் தாவிவிடுவாள். இப்போது உடையவில்லை. வழுக்கிக்கொண்டு ஏறி, மேலே நின்று, ஒரு சுற்று சுற்றி இறங்கியது.

அவருடைய கண்ணீர் நின்றுவிட்டது. தரம் பார்க்கிற புத்தி எழுந்து உட்கார்ந்தது.

சோதித்துவிடலாம் என்று நினைத்தார். அலமாரியிலிருந்து ஓர் ஆண் பாடிய தட்டை எடுத்து வந்து போட்டார். கூடத்தில் வாத்தியங்கள் மட்டும். படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு தடித்த ஆண்குரல்.

ஓடினார். அந்தச் சின்ன வாய் தாங்காத குரல் அது. தொண்டை புடைத்திருந்தது. உதடுகள் யாரோ விரலை விட்டு அகட்டுவது போலக் கிழிய விரிந்து மூடின. அதற்கு மேலே அவளுடைய கண்கள். அவை அவளுடையவைதான், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவரையே பார்த்தன. பயத்தில் பிதுங்கியிருந்தன. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. இடக்கை விரல்கள் கட்டில் சட்டத்தில் அடித்தன. தாளம் இல்லை. நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

கூடத்துக்கு ஓடி ஊசியைப் பிடுங்கி எடுத்தார்.

விளக்கைப் போட்டார். இடுக்கியை எடுத்தார். தேநீர் நிறக் கம்பிகள் இரண்டையும் கழற்றி மாற்றிச் செருகப் பத்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் அசையவில்லை. களைத்துத் தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டார். மூச்சு சீராக இருந்தது. ரொம்பச் சீராக. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் மூச்சு அப்படி இருந்ததே இல்லை என்பது, திரும்பிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. பாடகியின் குரல் தட்டுக்குத் திரும்பிவிட்டதா என்று தெரிய வேண்டும். திரும்பியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சின்னத் தட்டைப் போட்டார்.

கரகரப்பு. வயலின்கள். புல்லாங்குழல்.

பல்லவி தொடங்க வேண்டிய இடம்.

“ஏங்க.”

ஸ்பீக்கர்பெட்டிதான். நட்டநடுவில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. மூக்கடைத்த, கொஞ்சம் அவசரமான, முப்பத்தாறு வருஷம் அவர் காது பழகிய குரல்.

“ஏங்க, கேக்குதா? நான் இங்க இருக்கேன். மொதல்ல அந்த ரூம் கதவைச் சாத்துங்க.”

அவரால் அசைய முடியவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த சொல். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் குரல் வாத்தியங்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. இருட்டாக இருக்கிறது என்றது. கட்டிலில் இருப்பது தான் இல்லை என்றது.

நம்பலாமா? இதுவும் தந்திரமாக இருந்தால்?

படுக்கையறையில் கட்டில் முனகியது. எடை இறங்குகிற முனகல்.

“ஏங்க, யாருகிட்ட பேசறீங்க?”

சுத்தமான குரல். உடையாத குரல். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

“சாத்துங்க,” என்றது பெட்டி. “ஓடிப்போய்ச் சாத்துங்க.”

எழுந்தார். அதற்குள் ஊசி கடைசி வரிகளுக்கு வந்துவிட்டது. பாட்டு முடிந்தால் தானே எழுந்து இடத்துக்குத் திரும்பிவிடும் ஊசிக்கை அது. எழப் போவதன் அறிகுறியாக உள்ளே சக்கரம் சொடுக்கியது. எழுந்துவிட்டால் அவள் மறுபடி வருவாளா? யார் சொன்னது?

விரலை வைத்து அழுத்தினார்.

கை எழப் பார்த்தது. அழுத்திப் பிடித்தார். ஊசி தட்டில் இறங்கிக் கீறியது. அவள் குரல் ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியது. ஏங்க. ஏங்க. ஏங்க. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் தேய்ந்து.

விரலை எடுத்தால் அவள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் கதவு எட்டாது.

வெறுங்கால் தரையில் பட்டது. ஒன்று. இன்னொன்று. வலது காலும் சரியாக ஊன்றியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்து வாசனை நெருங்கியது. காதுக்குப் பின்னால், பாடுவதற்கு முன் இழுக்கிற அந்த நீண்ட மூச்சை யாரோ இழுத்தார்கள்.

ஏங்க. ஏங்க. ஏங்.

தோளுக்கு மேலாக மனைவியின் வலக்கை நீண்டு வந்தது. அதன் ஆள்காட்டி விரல் அவர் விரலுக்குப் பக்கத்தில், ஊசிக்கையின் அடியில், மெல்ல நுழைந்து தூக்கத் தொடங்கியது.