கன்னத்தில் ஒரு கறை

காலையில் அவளுடைய கைப்பேசி அவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு சிணுங்கல், மறுபடி பூட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தாள், முடியை ஒதுக்கிப் பிடித்தாள், ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்று பிடித்தாள். முகம் பொருந்தவில்லை என்ற ஒரே பதில்தான். நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த சனியன். பழைய போன், எத்தனையோ தடவை கீழே விழுந்தது, அதற்கும் வயதாகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு எண்களை அழுத்தித் திறந்தாள். அடுப்பில் பால் பொங்கியது, மகளுக்கு ஸ்கூல் வேன் வரும் நேரம். போனோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

அவளுக்கு வேலை நகரத்துக் கலைக்கூடத்தில். ஓவியங்களிலும் சிற்பங்களிலும் ஏறும் தூசி, பூஞ்சை, விரல் ரேகை எல்லாவற்றையும் பொருளுக்கு நோகாமல் எடுக்கிற வேலை. சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு சுற்றிய குச்சிகள் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் பஞ்சக்கா. காவலாளி முதல் இயக்குநர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரை யாராவது வாசித்தால், வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. துடைத்த இடம் துடைத்ததாகத் தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் பெருமையே.

கீழ்த்தளத்து அறையில் அப்போது மண் பெண்கள் நின்றிருந்தார்கள். சாயப் பட்டறைகள் குடித்துத் தீர்த்த ஒரு ஆற்றின் கரையில் பிறந்த சிற்பி ஒருத்தி செய்தது. ஆற்றின் அடிமண்ணை அள்ளிவந்து, சூளையில் சுடாமல், பச்சையாகவே நிறுத்தியிருந்தாள். ஆள் உயரத்தில் ஒரு வரிசைப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காலி இரும்பு வாளி. காது இருந்தது, பின்னல் இருந்தது, விரல் நகம்கூட இருந்தது. முகம் மட்டும் இல்லை. அந்த இடம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது. தண்ணீர் தேடி நடந்தே தேய்ந்துபோன அந்தப் பெண்களை யாருமே நிமிர்ந்து பார்த்ததில்லை, யாரும் பார்க்காத முகத்தை நான் எங்கே போய்த் தேடுவது என்று திறப்பு விழாவில் சிற்பி கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு டீ குடிக்கப் போனார்கள்.

மண் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது பஞ்சக்காவின் பொறுப்பு. மூலையில் ஈரம் கொடுக்கும் இயந்திரம் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அறைக்குள் நுழைந்தாலே பூட்டிவைத்த கிணற்றின் வாடையும் அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் மூக்கில் ஏறும். அவ்வப்போது எங்கேயாவது ஒரு உடம்பில் மண் இறுகி ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எந்த உடம்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆற்றுத் தண்ணீரையே ஒரு கேனில் பிடித்துக் கொடுத்திருந்தாள் சிற்பி. விரிசல் கண்டால் அதைத் தொட்டுப் பூசுங்கள், வேறு எதுவும் படக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இந்த மண்ணு ரொம்ப நாளா தாகத்துல கெடக்குதுக்கா. எதக் குடுத்தாலும் குடிச்சிரும்.”

கலைஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பஞ்சக்கா தலையாட்டி வைத்தாள்.

போன வாரம்தான் அந்தக் கறையைப் பார்த்தாள். வரிசையின் ஓரத்தில் நின்றவளுக்கு, இடது கன்னத்தில், கண் இருந்திருந்தால் அதற்குச் சற்றுக் கீழே. ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு புள்ளி. கேன் மேல் தளத்து அலமாரியில் இருந்தது, மாடி ஏறச் சோம்பல். பஞ்சுக் குச்சியை நாக்கில் வைத்து நனைத்து, புள்ளியின் மேல் மெதுவாக உருட்டினாள். வெளியாட்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அந்தத் தொழிலில் இது சாதாரணம். பொருளை அரிக்காமல் அழுக்கை மட்டும் கூட்டிக்கொண்டு வர எச்சிலை மிஞ்சியது கிடையாது என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இத்தனூண்டு கறைக்கு என்ன ஆகிவிடப் போகிறது? கறை போய்விட்டது. ஆனால் பஞ்சில் அழுக்கு ஏறவில்லை. ஈரமும் இல்லை. அடுப்பில் காட்டி எடுத்தது போலக் காய்ந்திருந்தது.

மறுநாள் அதே இடத்தில் அதே கறை. மறுபடி நாக்கில் தொட்டுத் துடைத்தாள். அதற்கு மறுநாளும். ஒரு காரியத்தை எடுத்தால் விடாத சுபாவம் அவளுக்கு. காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்றாகிவிட்டது.

போன் அவளைத் தெரியாது என்று சொன்ன அன்றும் அப்படித்தான் போய் நின்றாள். குச்சியை உருட்டியபோது பஞ்சு எதிலோ தடுக்கியது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அது கறை இல்லை. மேடாக, மிளகு அளவில், கொஞ்சம் மிருதுவாக இருந்தது. அதற்கு மேலே வழவழப்பாக இருந்த மண்ணில் லேசாக ஒரு குழி விழுந்திருந்தது. குழிக்கு மேலே ஒரு வளைவு.

அவளுடைய கை தன்னையறியாமல் தன் இடது கன்னத்துக்குப் போனது. பிறந்ததிலிருந்து அங்கே ஒரு மச்சம் உண்டு. கை தடவித் தடவித் தேடியது.

கழிவறைக் கண்ணாடியில் பார்த்தாள். மச்சம் இருந்த இடத்தில் தேநீர் சிந்திய துணியைத் துவைத்த பிறகு இருக்குமே, அந்த மாதிரி ஒரு தடம் மட்டும் இருந்தது. புருவம் வெளுத்திருந்தது. மூக்கும் உதடும் அங்கேதான் இருந்தன, ஆனால் அவற்றின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. குளிர்ந்த தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள், கழுவக் கழுவ இன்னும் கொஞ்சம் போய்விடுமோ என்று தோன்றியதும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

வீட்டில் கணவர் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், சொன்னால் செய்வார், நிமிர்ந்து பார்ப்பதுதான் கிடையாது. அவர் முன்னால் போய் நின்று, என் முகத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டாள். பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கே. வெளிய கெளம்பறியா?”

அந்த நிமிடம் அவளுக்கு வந்த பயம் கண்ணாடி முன்னால்கூட வரவில்லை.

மகள் ஸ்கூலிலிருந்து வந்தாள். வந்தவுடன் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மகள் குதித்து அம்மாவின் மச்சத்தை அழுத்துவாள். அம்மா ‘டிங் டாங், யாரது?’ என்பாள். ‘நான்தான்!’ என்று மகள் கத்தியபிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். பேசக் கற்ற நாளிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. உலகத்திலேயே அவள் முகத்தைத் தினமும் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். அன்று விரல் கன்னத்தருகே வந்து நின்றது. இங்கே அங்கே தேடியது.

“பெல் எங்கம்மா?”

பவுடர் போட்டதில் மறைந்துவிட்டது, நாளைக்கு வந்துவிடும் என்றாள் ஒருவழியாக. மகள் செருப்போடேயே உள்ளே போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பி, தெரியாத வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளை மாதிரி பார்த்தாள். மற்றவர்கள் பார்க்காமல் போனால் போகட்டும். இந்தக் குழந்தைக்கு நான் யாரோவாகிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன் என்று அடுப்படியில் நின்று அழுதாள். கண்ணீர் வந்தது. கன்னத்தில் வழிவது தெரியவில்லை.

மறுநாள் விடாத மழை. கலைக்கூட வாசலில் காவலாளி, பார்வையாளர்களுக்கு இன்னும் நேரமாகவில்லை என்று கையை நீட்டித் தடுத்தார். பிறகு அவள் பையில் துருத்திய குச்சிகளைப் பார்த்தார். “அட, பஞ்சக்காவா, போங்க போங்க.” முகத்தைப் பார்க்கவேயில்லை.

கலைக்கூடம் திறந்ததும் கீழ்த்தளத்தில் கூட்டம் நின்றது. ஓரத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் முகம் வைத்திருக்கிறார்கள், என்ன ஒரு யோசனை என்று ஒருவர் வியந்தார். இருவர் அந்தச் சிலையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது பஞ்சக்காவின் மூக்கு. அவளுடைய உதடு, மேல் உதட்டில் சின்ன வயதில் விழுந்து பட்ட தழும்போடு. இத்தனை வருடத்தில் இத்தனை பேர் அந்த முகத்தை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. இயக்குநரிடம் ஓடலாமா என்று நினைத்தாள். ஓடி என்ன சொல்வது?

சிற்பிக்குப் போன் செய்தாள். எச்சில் தொட்டுத் துடைத்ததைச் சொன்னாள்.

“நான் முகம் செய்யாம விடலக்கா,” என்றாள் சிற்பி. “ஒவ்வொருத்திக்கும் செஞ்சேன். காலையில வந்து பாத்தா வழிச்சுவிட்ட மாதிரி இருக்கும். நாம செஞ்சு வெக்கிற முகம் அவங்களுக்கு வேணாம். யாராவது தன்னோடதக் குடுத்தாத்தான்...”

எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டாள். சிற்பிக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டு ஆட்களை மட்டும் அதன் முன்னால் கொண்டுவந்து விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மதியமே மழை வலுத்தது. கூட்டம் போய்விட்டது. இயந்திரம் உறுமியது. வெளியே மழை, உள்ளே அதே கிணற்று வாடை. பஞ்சக்கா சிறு கத்தியை எடுத்துக்கொண்டு ஓரத்துப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். சுரண்டிவிட வேண்டியதுதான். கத்தி நுனியை மச்சத்தின் விளிம்பில் வைத்தாள். கை நகரவில்லை. இதையும் சுரண்டிவிட்டால் இந்த முகம் வேறு எங்கே இருக்கிறது?

கத்தியைக் கீழே போட்டாள். மாடியிலிருந்து எடுத்துவந்திருந்த கேனில் தண்ணீரைத் தொட்டு மண் கன்னத்தில் உருட்டி, அந்தப் பஞ்சைத் தன் கன்னத்தில் ஒற்றினாள். சேறு ஒட்டியது, அவ்வளவுதான். குச்சியை நாக்கில் வைக்கப் பார்த்தாள். நாக்கு வறண்டிருந்தது. உதடுகள் பிரிய மறுத்தன.

போன் அடித்தது. கணவர். மழைக்காக ஸ்கூலைச் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம், வேன் வரவில்லையாம், பாப்பாவோடு கலைக்கூட வாசலில்தான் நிற்கிறாராம். வராதீங்க என்று கத்தினாள். கத்தியது தொண்டைக்குள்ளேயே நின்றது.

“ஒண்ணும் கேக்கல. சிக்னல் சரியில்ல போல. உள்ள வர்றோம்.”

படியில் செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு.

‘டக்.’

இந்த முறை எந்த உடம்பு என்று அவளுக்குத் தெரிந்தது.

மகள் வாசலில் வந்து நின்றாள். நனைந்த பை, நனைந்த பின்னல். அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் கோணியது. ஒரு அடி பின்னால் வைத்தாள். பஞ்சக்கா கைகளை நீட்டினாள். மகள் இன்னும் ஒரு அடி பின்னால் போனாள்.

பிறகு அவளைத் தாண்டிப் பார்த்தாள். பயம் விலகியது. சிரித்தாள்.

ஓடினாள்.

பஞ்சக்கா பிடிக்க நினைத்தாள். கால் எழவில்லை. பாதம் தரையோடு குளிர்ந்து கிடந்தது. கண் மட்டும் இருந்தது. பார்ப்பதற்கு அதை மட்டும் மண் விட்டுவைத்திருந்தது.

மகள் எட்டிக் குதித்தாள். மண் கன்னத்தில் விரல் பட்டது.

“டிங் டாங்.”

அவளுடைய குரல். அச்சு அசலாகப் பஞ்சக்காவின் குரல்.

“யாரது?”

“நான்தான்!”

வாளி ஒன்று தரையில் உருண்டது. ஈரக் கை ஒன்று சின்னக் கையைப் பிடித்தது. இருவரும் நடந்தார்கள். வாசலில் கணவர் போனிலிருந்து நிமிராமலே குடையை விரித்தார். “போலாமா?” என்றார். போகலாம் என்றது அந்தக் குரல். தரை நெடுகச் சேற்றுத் தடம்.

பஞ்சக்காவின் விரல்களுக்குள் ஏதோ இரும்பாகச் சில்லென்றிருந்தது. வளைந்த பிடி. அதன் கீழே, எடையே இல்லாமல், காலியாக ஒன்று ஆடியது.

படியேறும் முன் மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வரிசையில் ஒருத்தியும் குறையவில்லை.