கடிபட்ட காசு

எங்கள் பள்ளி வேனில் எனக்கு நாணயப் பைத்தியம் என்று பேர். வைத்தவர் வேன் டிரைவர் மாமா. அவர் என்னைவிடப் பெரிய பைத்தியம்.

நாணயச்சாலையில் தப்பாக அச்சான காசு என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர். போன மாதம் சாப்பிடும்போது அதைப் பற்றி வீட்டிலும் அளந்துவிட்டேன். உலோகத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டும்போது, தகடு சரியாக நகராவிட்டால் முந்தின ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். அந்தக் காசு ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி வெளியே வரும்.

"அதுக்குப் போய் மூணு மாச வாடகை அளவுக்குக் குடுப்பாங்கப்பா," என்றேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்பா பட்டறையில் ஃபிட்டர். பட்டறையை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரைவர் மாமா வீட்டுக்கே வந்தார். அப்பாவுக்குக் கடிபட்ட காசு ஒன்று கிடைத்திருக்கிறதாம். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"பாப்பா, நீ பார்த்துச் சொல்லு. நீ சரின்னா வாங்கிக்கறேன்," என்று கவரை எடுத்தார். வேனுக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அது. எங்கள் வேன் டயர்கள் சுத்த வழுக்கை. அதில்தான் தினமும் பதினான்கு பிள்ளைகள் போகிறோம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கடி அழகாகத்தான் இருந்தது. ஆனால் நிஜக் காசில் கடிக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்க வேண்டும். அச்சடிப்பதற்கு முன் வட்டத்தைச் சுற்றி விளிம்பை நெருக்கி எழுப்பும்போது, ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் எதிர்ப் பக்கத்திலும் அழுத்தம் விழாது. இதில் விளிம்பு முழுசாக இருந்தது. அச்சடித்த பிறகுதான் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டிய இடத்தை விரலால் தடவினேன். பிசிறே இல்லை. எந்த ஏமாற்றுக்காரன் இவ்வளவு மெனக்கெடுவான்? பிசிறை விட்டுவைத்தால் தூக்கம் வராத ஆள், எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

நிஜம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு தப்பித்துவிடும். ஆனால் அந்த வழுக்கை டயர்களை நினைத்தால் வாய் வரவில்லை.

"இது நாணயச்சாலையில நடந்த தப்பு இல்ல மாமா. அப்புறமா வெட்டி, அரத்தால தேய்ச்சிருக்காங்க. எதிர் விளிம்பைப் பாருங்க."

மாமா பார்த்தார். "அட, ஆமா. யாரு பண்ணியிருப்பா?"

"காசு எத்தனையோ கை மாறுது மாமா," என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான்," என்றார் அப்பா.

மாமாவின் முகம் இறுகிவிட்டது. கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"வீடு மாறினா, எங்க வந்து ஏத்திக்கணும்னு போன் பண்ணு."

அவர் போனதும் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

யோசித்தேன். "ஞாயித்துக்கிழமை உங்க ஸ்பேனர் பெட்டியை நீங்களே தனியாத் தூக்கியிருக்கணும். நான் ஒரு கை குடுத்திருக்க மாட்டேன்."

அப்பா சிரித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களைக் கட்டினோம். அந்தப் பெட்டி பிணம் கனம் கனத்தது. ஒரு பக்கம் அப்பா பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன்.