காஸ்பர் வாத்தியாரின் கைமணி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காஸ்பரின் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில், உலகத்திலேயே தகப்பனை அதிகமாக நேசித்த மகன் பதினோரு பக்கம் பேசப் போகிறான்.

மகன் பெயர் மேத்யூ. இடம், மயிலாப்பூரில் ஒரு பங்குக் கோயிலின் ஹால். மெழுகுவர்த்தி வாசனையும் மல்லிகை வாசனையும் பின்கட்டு பிரியாணியிடம் தோற்றுக்கொண்டிருந்தன. சமையல்காரர் முருகையன் கதவோரம் வந்து கிசுகிசுத்தார்.

"சார், தம்மு ஒடைக்கலாமா? இன்னும் எத்தினி பக்கம் கீது?"

மேத்யூ அவரைக் கையசைத்துத் துரத்தினான். அவனுக்கிருந்த ஒரே கவலை, முன்வரிசையில் மனைவி ஜூலியட்டின் மடியில் இருந்த நாலு வயது மகள் லிசா. போன ஞாயிறு ஃபாதரிடம், "நீங்க பேசுனப்போ டாடி தூங்குனாரு" என்று போட்டுக்கொடுத்தவள். மர்சலின் டீச்சரைப் பல்செட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னவள். இத்தனைக்கும், அவள் சொன்னதில் இதுவரை ஒன்றுகூடப் பொய்யில்லை.

மேத்யூ ஏழாம் பக்கத்துக்கு வந்தான். குரலைத் தழதழக்க வைத்தான்.

"படுத்த படுக்கையா இருந்த அப்பா கைமணியை அடிச்சா, அடுத்த நிமிஷம் நான் பக்கத்துல நிப்பேன். கடைசி ராத்திரி அவர் கூப்பிடவே இல்லை. தூக்கத்துலயே போயிட்டார். அந்த மணியை நானே அவர் கையில வச்சுப் பெட்டியை மூடினேன்."

ஹாலெங்கும் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"இல்ல டாடி."

தெளிவான, சின்னக் குரல்.

"தாத்தா ரொம்ப நேரம் மணி அடிச்சாராம். நீ மேட்ச் பாத்துக்கிட்டு டிவி சவுண்ட ஏத்திட்டியாம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேத்யூ ஜூலியட்டைப் பார்த்தான். அன்றிரவு வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும்தான். ஜூலியட்டும் லிசாவும் பாலவாக்கத்தில், ஜூலியட்டின் அம்மா வீட்டில் இருந்தார்கள்.

"யாருடி சொன்னா உனக்கு?" ஜூலியட் கிசுகிசுத்தாள்.

"தாத்தாதான். இப்போ."

லிசா விரலை நீட்டினாள். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

பிரியாணி வாசனை அடங்கிப் போயிருந்தது. அதன் இடத்தில் டெட்டாலும் ஈரப் படுக்கையும் கலந்த நெடி. அப்பாவின் அறை நெடி.

அவளை வெளியே தூக்கிப் போகச் சொல்ல வாயெடுத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எட்டாம் பக்கத்தைப் புரட்டப் பார்த்தான். விரல் கேட்கவில்லை.

"டாடி, தாத்தாக்கு தண்ணி வேணுமாம். அன்னிக்கும் அதத்தான் கேட்டாராம்."

கிணிங்.

எல்லோருக்கும் கேட்டது. கதவோரம் முருகையன் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண்ணுக்குக் கீழே இருக்கிற மணி.

கிணிங். கிணிங்.

மேத்யூவின் கையெட்டும் தூரத்தில், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அங்கிருந்து அந்த நாற்காலிக்கு நாலே எட்டு.

லிசா அவனையே பார்த்தாள். நூற்றைம்பது பேரும் பார்த்தார்கள்.

கிணிங்.

இந்தத் தடவையும் மேத்யூ போகவில்லை.