மைனஸ் இருபதில் மாமனார்!

டெலிபோன் அலறியது.

"மாப்ள... நான்தான்... குளிர் அறைக்குள்ள... கதவு பூட்டிக்கிச்சு..."

மாமனாரின் பற்கள் தந்தியடித்தன.

முறைப்படி இந்த இடத்தில் ஒரு பிணம் விழ வேண்டும். வாசகர்கள் மன்னிக்கவும். ஐஸ்க்ரீம் கம்பெனியின் குளிர் அறையில், மைனஸ் இருபது டிகிரியில் அது தயாராகிக்கொண்டிருந்தது!

மாப்பிள்ளை சிரித்தான். கம்பெனியின் ப்ரோக்ராமர் அவன்தான். கதவைக் கம்ப்யூட்டரோடு கோத்தவனும் அவன்தான். 'இனி எதுக்கு மாமா இது?' என்று உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி வீசிய புண்ணியவானும் அவனேதான்.

"கவலைய விடுங்க மாமா! இதோ..."

தட்டினான். 'கதவைத் திற.'

திரையில் பச்சை எழுத்து. 'முடிந்தது!'

"திறந்தாச்சு மாமா! வெளிய வாங்க!"

"எங்க... திறந்துச்சு...?"

மறுபடி தட்டினான். முடிந்தது! மறுபடி. முடிந்தது!

முடியப்போவது மாமனார்தான் என்று உறைத்தது.

ஸ்டோர் மானேஜரான மச்சான் ஓடி வந்தான். பின்னாலேயே ஒரு இன்ஸ்பெக்டர். மகளின் பிறந்தநாளுக்கு ஐஸ்க்ரீம் வாங்க வந்தவர். வந்த இடத்தில் கேஸ்!

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"நடிக்காத மச்சான்! பூட்டுனது நீதான்! அவர் போனா கம்பெனி உனக்கு!"

"அடப்பாவி! எனக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாதே!"

இன்ஸ்பெக்டர் திரையை முறைத்தார்.

"கதவு திறக்கல. இது எப்படி 'முடிந்தது'ங்குது?"

"கதவை இயக்குறது டேட்டாபேஸ். அதுக்கு உத்தரவு கிளம்பினதுமே அப்படிக் காட்டும் சார். பதிலுக்குக் காத்திருக்காது. அனுப்பிட்டு அடுத்த வேலையப் பாக்கும். வேகம் சார்! நானே எழுதினது!"

"அப்ப அது சொல்ற பதில யார் வாங்குவாங்க?"

"அதை... யாரும்... வாங்கல..."

குரல் உள்ளே போனது.

முந்தைய பதிலை வாங்காமல் அதே இணைப்பில் அடுத்த உத்தரவு போகாது. பாடத்தின் முதல் பக்கம்! மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்தவன். இந்தக் கதையை எழுதுபவனும் அப்படிப் படித்தவன்தான், விடுங்கள்.

"ஏதோ பழைய உத்தரவோட பதில் வழிய மறிக்குது சார்!"

விரல்கள் பறந்தன. தேங்கிக் கிடந்த பதிலை வாங்கினான். 'கதவைத் திற' போட்டான். இந்த முறை பதில் வரும்வரை மூச்சைக்கூட விடவில்லை.

க்ளிக்!

மாமனார் வெளியே வந்து விழுந்தார். மீசையெல்லாம் பனி. மச்சான் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"பூட்டுனது யாருன்னு அந்தப் பழைய பதில்ல இருக்கும் சார். மச்சான், மாட்டுன!"

கம்பீரமாகத் திரையைத் திருப்பினான்.

'கதவு பூட்டப்பட்டது. உத்தரவிட்டவர்: ப்ரோக்ராமர்.'

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான்.

"மத்தியானம் நான்தான் பூட்டச் சொன்னேன்... டேட்டாபேஸ் அப்ப வேற வேலையில இருந்திருக்கு... 'முடிந்தது'ன்னு வந்துச்சு... டீ குடிக்கப் போயிட்டேன். உத்தரவு வரிசையில நின்னு, மாமா உள்ள போனப்புறம்..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"பெரியவரே, புகார் குடுக்கறீங்களா?"

"வேணாம் சார். இவர் சுபாவமே அதான்." மாமனார் நடுங்கிக்கொண்டே சொன்னார். "என் பொண்ணைக் கேட்டு வந்தப்பவும், யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள கல்யாணப் பத்திரிகையே அடிச்சுட்டார்! அந்தப் பதில் இன்னும் என்கிட்டதான் இருக்கு... இப்பச் சொல்லட்டுமா மாப்ள?"